பின்னால் வந்து திரும்பிப் போகும் பாஸ் மீனைக் கடிக்க வைப்பது எப்படி?

லூர், அதாவது தூண்டிலில் கட்டிய பொய் இரை, தண்ணீர் மேல் இடமும் வலமுமாக ஆடி வருகிறது. இரண்டடி பின்னால் ஒரு கரும்பச்சை நிழல் கூடவே வருகிறது. லூர் நின்றால் அதுவும் நிற்கிறது. பக்கத்துத் துடுப்புகள் மட்டும் மெல்ல விசிறுகின்றன, மூக்கு லூரின் வாலுக்கு நேராக இருக்கிறது. கரை நெருங்கியதும் உடம்பைச் சாய்த்துக்கொண்டு, எந்த அவசரமும் இல்லாமல் ஆழத்துக்குப் போய்விடுகிறது.

அமெரிக்க ஏரிகளில் டாப்வாட்டர் லூர், அதாவது நீரின் மேலே மிதந்து வரும் லூர், பழகத் தொடங்கும் எல்லோரும் இதைச் சீக்கிரமே பார்த்துவிடுவார்கள். பலர் மனம் விட்டுப்போய் டாப்வாட்டரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு ரப்பர் புழுவுக்கு மாறிவிடுகிறார்கள். அப்படி மாறத் தேவையில்லை. மீன் எங்கே இருக்கிறது என்பதும், அது மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பதும் இப்போது உங்களுக்குத் தெரியும். இந்த இரண்டும் தெரியாமல்தான் பாதி நாள் வீணாகிறது. மீதி இருப்பது, அதை எது தடுத்தது என்று கண்டுபிடிப்பது. அதற்கு நல்ல துப்பு, மீன் எந்த இடத்தில் திரும்பியது என்பதுதான். அதைப் பார்க்காமல் லூரை மட்டும் மாற்றிக்கொண்டே இருந்தால் பெட்டி காலியாகும், மீன் வராது.

நான் மீன் பிடிப்பது டெக்சாஸில், ஆஸ்டின் பக்கம். அதனால் இங்கே சொல்லும் ஏரிகளும் சட்டங்களும் டெக்சாஸைச் சேர்ந்தவை. மீனின் குணம் மற்ற மாநிலங்களிலும் இதேதான்.

கிளம்பும் முன்

டெக்சாஸில் 17 வயது ஆனவர்களுக்கு மீன்பிடி உரிமம் வேண்டும். நன்னீர் உரிமம் வாங்கினால் போதும். வழக்கமான ஆண்டு உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும், ஆகவே ஜூலையில் வாங்குவதற்கு முன் யோசியுங்கள். மாநிலத்தில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் வசித்தவர்களுக்கு உள்ளூர்க்காரர் கட்டணம், அது குறைவு. மாநிலப் பூங்காக்களுக்குள் கரையிலிருந்து பிடிக்க உரிமமே தேவையில்லை, நுழைவுக் கட்டணம் மட்டும்தான். புதிதாக வந்தவர்கள் அங்கிருந்து தொடங்குவது நல்லது.

ராட், அதாவது தூண்டில் கோல், ஆறரை முதல் ஏழடி, நடுத்தர பலம், நுனி கொஞ்சம் வளைந்து கொடுப்பதாக இருக்கட்டும். அப்புறம் போலரைஸ்டு கண்ணாடி. இதை ஆடம்பரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் நீரின் பளபளப்பில் மீன் பின்னால் வருவதே தெரியாது. எங்கே திரும்பியது என்று அப்புறம் எப்படிப் பார்ப்பது? குறடு ஒன்றும் கட்டாயம் வேண்டும். டாப்வாட்டர் லூர்களில் பெரும்பாலும் மூன்று முனை முட்கள் இரண்டு தொங்கும். துள்ளும் மீனின் வாயிலிருந்து அவற்றை வெறும் கையால் எடுக்க நினைக்காதீர்கள்.

நேரம்: தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டை, அதாவது 16 செல்சியஸ் அளவைத் தாண்டிய பிறகுதான் டாப்வாட்டர் சரியாக வேலை செய்யும். கோடையில் விடியலும் அந்தியும், மேகம் மூடிய நாளென்றால் பகல் முழுவதும். லேசான காற்றில் தண்ணீர் சிலிர்த்திருந்தால் இன்னும் நல்லது. காரணம் பின்னால் வருகிறது.

மீன் எங்கே திரும்பியது?

உங்கள் காலடிக்குப் பத்து, பதினைந்தடி தூரத்தில் திரும்பினால், பெரும்பாலும் லூரில் தவறில்லை. மீன் உங்களைப் பார்த்துவிட்டது, அல்லது கரையில் நீங்கள் நடந்த அதிர்வை உணர்ந்துவிட்டது. மீனின் உடம்புப் பக்கவாட்டில் ஓடும் கோடு தண்ணீரின் அசைவை அறியும் உறுப்பு. மரப் படகுத்துறையில் பூட்ஸ் காலோடு நடந்தால் கீழே இருக்கும் மீனுக்கு அது நன்றாகவே கேட்கும்.

நடுவழியில், எப்போதும் ஒரே இடத்தில் திரும்பினால், அந்த இடத்தைப் பாருங்கள். அங்கே படகுத்துறையின் நிழல் முடியும், அல்லது பாசிப் படுகை முடிந்து ஆழம் தொடங்கும். வெயில் ஏறிய நேரத்தில் பாஸ் நிழலை விட்டு வெளியே வரத் தயங்கும். நிழலுக்குள் பின்தொடர்ந்து விளிம்பு வரை வந்து நின்றுவிடும். அப்படியானால் லூரை நிழலுக்குக் குறுக்கே இழுக்காமல், நிழலின் நீளவாக்கில் இழுங்கள். லூர் எவ்வளவு நேரம் நிழலுக்குள் இருக்கிறதோ அவ்வளவு நல்லது.

வேகமாகக் கிளம்பி வந்து, லூரை நெருங்கியதும் சட்டென்று நின்று திரும்பினால், கிட்டத்தில் பார்த்ததில் ஏதோ பிடிக்கவில்லை. அளவோ நிறமோ தூண்டில் நரம்போ அதற்குக் காரணமாக இருக்கலாம்.

ஒரே இடைவெளியில், ஒரே வேகத்தில், வெகுதூரம் கூடவே வந்தால் உங்கள் தாளம்தான் பிரச்சினை. லூர் ஒரே மாதிரி ஓடுகிறது, மீனும் ஒரே மாதிரி வருகிறது. முடிவெடுக்க அதற்கு எந்தக் கட்டாயமும் இல்லை. நான் அதிகம் பார்ப்பது இந்த வகையைத்தான். இதற்குத்தான் மருந்தும் எளிது.

இன்னொன்றும் உண்டு. மார்ச் முதல் மே வரை, கரையோரம் ஆழமில்லாத நீரில், கறுப்புப் புள்ளிகளாகக் குஞ்சுகள் கூட்டமாக மிதக்கும். பக்கத்திலேயே ஆண் பாஸ் காவல் நிற்கும். அது லூருக்குப் பின்னால் வருவது பசியால் அல்ல, விரட்டுவதற்காக. அதைப் பிடித்துக்கொண்டு போனால் அந்தக் குஞ்சுகள் நொடியில் மற்ற மீன்களுக்கு இரையாகும். குஞ்சுக் கூட்டம் கண்ணில் பட்டால் அந்த இடத்தை விட்டு நகர்ந்துவிடுங்கள்.

முதல் படி: உங்களை மறையுங்கள்

நீருக்குள்ளிருந்து மேலே பார்க்கும் மீனுக்கு வெளியுலகம் சுமார் 97 டிகிரி விரிவுள்ள ஒரு வட்டத்துக்குள் மட்டுமே தெரியும். வட்டத்துக்கு வெளியே நீரின் அடிப்பக்கம் கண்ணாடியாகிக் குளத்தையே பிரதிபலிக்கும். தாழ்ந்து இருக்கும் பொருள் இந்த வட்டத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கலாகத் தெரியும். நெட்டையாக நிற்கும் மனிதர் தெளிவாகவே தெரிவார். ஆகவே தண்ணீருக்கு ஏழெட்டு அடி பின்தள்ளி நில்லுங்கள், முடிந்தால் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள். வெளிர்ச் சட்டை வேண்டாம். உங்கள் நிழல் தண்ணீரில் விழாதபடி சூரியனைக் கவனித்து நில்லுங்கள்.

நீளமாக வீசுங்கள். தெளிந்த ஏரி என்றால் இது மிக முக்கியம். ஆஸ்டினுக்கு மேற்கே இருக்கும் டிராவிஸ் ஏரியில் நீர் தெளிவாக இருக்கும் நாளில், குறைந்த தூர வீச்சால் மீனுக்கு லூரும் ஆளும் ஒரே சமயத்தில் தெரிந்துவிடும். மீன் இருக்கும் என்று நினைக்கும் மரத்தண்டையோ பாறையையோ பத்தடி தாண்டி விழட்டும். தலைமேல் விழும் லூர் பயமுறுத்தும். அப்பால் விழுந்து தானாக வழியே வரும் லூர் இரையாகத் தெரியும்.

இரண்டாம் படி: நரம்பைக் கவனியுங்கள்

ஃப்ளூரோகார்பன் நரம்பு நீரில் அமிழும். அமிழ்ந்தால் லூரின் மூக்கைக் கீழே இழுத்து ஆட்டத்தைக் கெடுக்கும். மற்ற வகை மீன்பிடிக்கு அது நல்லதுதான், இங்கே மட்டும் வேண்டாம். மோனோ, அதாவது சாதாரண நைலான் நரம்பு, மிதக்கும். 12 அல்லது 15 பவுண்ட் மோனோ புதியவர்களுக்குப் போதும். இழைகளைப் பின்னிச் செய்த பிரெய்டும் மிதக்கும், தூரம் போகும், ஆனால் தொய்வாக இருக்கும்போது முன் முள்ளில் சுற்றிக்கொள்ளும். அதன் நுனியில் இரண்டு, மூன்றடி மோனோவை லீடராக, அதாவது லூரோடு சேரும் கடைசித் துண்டாகக் கட்டினால் சிக்கல் தீரும். மீனுக்கும் அந்தக் கடைசி மூன்றடி உறுத்தாது.

முடிச்சு லூரின் வளையத்தை இறுக்கிப் பிடிக்கக்கூடாது. சின்ன வளையமாக விட்டுக் கட்டுங்கள், அல்லது ஸ்னாப் என்ற சின்னக் கொக்கியை மாட்டுங்கள். லூர் தலையைத் திருப்ப அந்தச் சின்ன இடைவெளி வேண்டும்.

மூன்றாம் படி: தாளத்தை உடையுங்கள்

இங்கே கொஞ்சம் நின்று பழகுங்கள், பெரும்பாலான மீன்கள் இந்தப் படியில்தான் கிடைக்கும்.

முதலில் அடிப்படை ஆட்டம். ஹெடன் நிறுவனத்தின் ஜாரா ஸ்பூக் 1939 முதல் விற்பனையில் இருக்கிறது, இன்றும் இதற்கு அதுவே அளவுகோல். சுருட்டு வடிவத்தில் ஒரு மிதவை, அவ்வளவுதான். இழுத்தால் சும்மா நேராக வரும். ஆட்டத்தை நீங்கள்தான் கொடுக்க வேண்டும். ராட் நுனியைத் தண்ணீரை நோக்கித் தாழ்த்துங்கள். கை கழுவிய ஈரத்தை உதறுவது போல மணிக்கட்டால் மட்டும் ஒரு சுண்டு சுண்டி, உடனே நுனியைத் திரும்ப விட்டு நரம்பைத் தொய்வாக்குங்கள். லூர் தலையை ஒரு பக்கம் திருப்பிச் சறுக்கும். அது சறுக்கி முடிக்கும்போது அடுத்த சுண்டு. இப்போது மறுபக்கம் திரும்பும். ரீலைச் சுற்றுவது தொய்வை எடுக்க மட்டும். புதியவர்கள் எல்லோரும் சுண்டிய பிறகு நரம்பை இறுக்கமாகவே வைத்திருப்பார்கள். தொய்வு இல்லாவிட்டால் லூர் திரும்பவே திரும்பாது.

இது கைவந்ததும், மீன் பின்னால் வரும்போது செய்ய வேண்டியவை.

மீன் தள்ளி வரும்போது, அதாவது மூன்று, நான்கடி பின்னால் இருக்கும்போது, வேகத்தைக் கூட்டுங்கள். சுண்டுகளைச் சின்னதாக்கி, நெருக்கமாக நாலைந்து. ஓடித் தப்பிக்கப் பார்க்கும் ஷாட் என்ற பொடிமீன் இப்படித்தான் ஓடும். பின்தொடரும் மீன் இப்போது ஒன்று பாய வேண்டும், இல்லை விட்டுவிட வேண்டும். யோசிக்க நேரம் கொடுக்காதீர்கள். மனம் சொல்வது இதற்கு நேர் எதிர். மீன் வருகிறதே, கிடைக்கட்டும் என்று லூரை நிறுத்தத் தோன்றும். தெளிந்த நீரில் அப்படி நிறுத்துவது மீனுக்கு நிதானமாகப் பார்த்து முடிவெடுக்க வாய்ப்புக் கொடுப்பதுதான். இரண்டு, மூன்று பாஸ் ஒன்றாகப் பின்தொடர்ந்தால் சந்தேகமே வேண்டாம், வேகம்தான். அவற்றுக்குள் போட்டி இருக்கிறது. மத்திய டெக்சாஸ் ஆறுகளில் இருக்கும் குவாடலூப் பாஸும் வேகத்துக்கு நன்றாக மசியும்.

மீன் மூக்கை வைத்தாற்போல் ஒட்டி வந்தால் வேறு வழி. முன்னே நகர்த்தாமல், நின்ற இடத்திலேயே லூரை ஆட்டுங்கள். நரம்பு முழுத் தொய்வில் இருக்க, இரண்டு சின்னச் சுண்டுகள். தலை இடமும் வலமும் திரும்பும், ஆனால் ஓர் அங்குலம்கூட நகராது. இதைப் பழக நேரமாகும், ஆனால் நான் மிகவும் நம்புவது இதைத்தான். ஓடிக்கொண்டிருந்த இரை சட்டென்று நின்று, மூக்கருகே முகத்தைத் திருப்பும்போது பல மீன்கள் தாங்கமாட்டாமல் அடித்துவிடும்.

நிறுத்தி வைப்பது எப்போது உதவும்? கலங்கிய நீரில், அசைவே இல்லாத விடியலில், மரத்தண்டு அல்லது பாசி விளிம்பு பக்கத்தில். லூர் விழுந்ததும் அலை வளையங்கள் மறையும் வரை கை வைக்காதீர்கள். பிறகு ஒரே ஒரு நடுக்கம், மீண்டும் நிறுத்தம். ரெபல் பாப்-ஆர் போன்ற பாப்பருக்கு இந்த முறைதான் சரி: இரண்டு முறை சளக் சளக் என்று நீரைத் துப்ப வைத்து, நிறுத்தி, காத்திருங்கள். பின் முள்ளில் வெள்ளை இறகு கட்டிய பாப்பர் வாங்குங்கள். லூர் நின்றாலும் இறகு மெதுவாக விரிந்து மடங்கிக்கொண்டே இருக்கும். பின்தொடரும் மீன் பார்ப்பது கடைசியில் அந்த வாலைத்தான்.

நான்காம் படி: அளவு, சத்தம், நிறம்

தாளத்தை மாற்றியும் கிட்டே வந்து திரும்பினால் லூரைச் சிறிதாக்குங்கள். நாலரை அங்குல ஸ்பூக் போட்டிருந்தால் மூன்றரை அங்குல சூப்பர் ஸ்பூக் ஜூனியர், அல்லது இரண்டரை அங்குல பாப்-ஆர். கோடையிலும் இலையுதிர் காலத்திலும் பாஸ் தின்றுகொண்டிருப்பது சின்ன திரெட்ஃபின் ஷாட். தண்ணீரில் குதிக்கும் பொடிமீன்களின் அளவைப் பார்த்து, அதையொட்டி எடுங்கள்.

சத்தம் அடுத்தது. கண்ணாடியாகக் கிடக்கும் நீரில் உள்ளே குண்டு உருளும் லூர் அதிகப்படி. சத்தமில்லாத லூரைப் போடுங்கள். காற்று எழுந்ததும் இதற்கு நேர் எதிராகச் செய்யுங்கள். சிலிர்த்த நீர்ப்பரப்பு மீனின் பார்வையைத் துண்டு துண்டாக்கும். லூரைத் துல்லியமாக ஆராய முடியாத மீன் பாயத்தான் செய்யும், அதற்கு லூர் இருப்பது தெரிய வேண்டும், எனவே சத்தம் கூடட்டும். வால் சுழன்று நீரைக் கடையும் வாப்பர் ப்ளாப்பர், தகடு கிலுகிலுக்கும் பஸ்பெய்ட் ஆகியவை இப்போது நல்லவை. இவற்றை நிறுத்தாமல் ஒரே வேகத்தில் இழுங்கள்.

நிறத்துக்கு அதிக நேரம் செலவிடாதீர்கள். கடை அலமாரியில் நாம் பார்ப்பது லூரின் முதுகை, மீன் பார்ப்பது வயிற்றை. வெயிலில் வெள்ளை அல்லது எலும்பு நிற வயிறு, மிகத் தெளிந்த நீரில் ஒளி ஊடுருவும் லூர், விடியலிலும் இருட்டிலும் கறுப்பு. கறுப்பு ஏன் என்றால், மங்கிய வானத்தின் பின்னணியில் அதன் உருவம்தான் நன்றாகத் தெரியும்.

பாசி மூடிய இடத்தில் இந்த முட்கள் எதுவும் ஓடாது, ரப்பர் தவளை வேண்டும். ஊரில் விராலுக்குத் தவளை வீசியவர்களுக்கு இது கைவந்த வித்தை. பாசிக்கு அடியில் மீன் பின்தொடர்வது மேலே ஒரு மேடு நகர்வதாகத் தெரியும். அப்போது வேகத்தை மாற்றாமல் கொண்டுவந்து, பாசியில் அடுத்து வரும் ஓட்டையில் நிறுத்துங்கள். அடி பெரும்பாலும் அங்கேதான் விழும்.

ஐந்தாம் படி: திசையை மாற்றுங்கள், பிறகு ஓய்வு கொடுங்கள்

ஒரே மீன் இரண்டு முறை பின்தொடர்ந்து திரும்பிவிட்டால் மூன்றாவது முறை அதே இடத்திலிருந்து வீசாதீர்கள். கரையோரமாக முப்பது அடி நகர்ந்து, கரைக்கு இணையாக லூர் வரும்படி வீசுங்கள். ஆழத்திலிருந்து கரைக்கு வந்ததை விட்டுவிட்டு, கரையை ஒட்டியே ஓடும் இரையை அது வேறு பொருளாகப் பார்க்கும். அதற்கும் மசியவில்லையென்றால் அரை மணி நேரம் அந்த இடத்தை விட்டுவிட்டு, வேறு லூரோடு திரும்பி வாருங்கள். அதற்குள் ஒரு மேகம் வந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

அடித்துத் தவறினால்

தண்ணீர் வெடிக்கும். லூர் ஓர் அடி தள்ளிப் போய் விழும். முள்ளில் ஒன்றும் இருக்காது. இந்த நொடியில் ராடை இழுத்துவிடாதீர்கள். மீன் சில நேரம் முதல் பாய்ச்சலில் தவறவிட்டு, திரும்பி வந்து விழுங்கும். எதுவுமே நடக்காததாக அதே ஆட்டத்தைத் தொடருங்கள். இரண்டாவது அடி உடனே வரலாம்.

வராவிட்டால் இரண்டாவது ராட். அதில் முன்கூட்டியே ஈயம் இல்லாத வெள்ளை ஃப்ளூக் அல்லது ஐந்து அங்குல சென்கோ போன்ற ரப்பர் லூரை மாட்டி, காலடியில் தயாராக வைத்திருங்கள். சுழல் அடங்குவதற்குள் அந்த இடத்தைச் சற்றுத் தாண்டிப் போட்டு, தொய்வான நரம்பில் தானாக அமிழ விடுங்கள். அடிபட்ட ஷாட் இப்படித்தான் இறங்கும். நரம்பைக் கண்ணால் பாருங்கள், அது பக்கவாட்டில் நகரத் தொடங்கினால் மீன் எடுத்துவிட்டது. பின்தொடர்ந்து மட்டும் போகும் மீன்களுக்கும் இது வேலை செய்யும், ஆனால் அவை கண்ணில் பட்ட சில நொடிகளுக்குள் போட வேண்டும். முடிச்சுப் போட்டு லூர் மாற்றிக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முள் ஏறுவதும் மீனை விடுவதும்

கண்ணால் பார்த்ததும் இழுக்கக் கூடாது, கையில் கனம் தெரிந்ததும் இழுக்க வேண்டும். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் அரை நொடியில்தான் நிறைய மீன்கள் போகின்றன. மூன்று முனை முள்ளுக்குப் பெரிய வெட்டு தேவையில்லை, ராடைப் பக்கவாட்டில் நிதானமாக வீசி இழுத்தால் போதும். தவளைக்கு மட்டும் வேறு கணக்கு: கனமான ராட், 50 பவுண்டுக்குக் குறையாத பிரெய்டு, தொய்வைச் சுற்றி எடுத்துவிட்டுப் பலமாக ஓர் இழுப்பு.

மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள், உலர்ந்த கை மேலிருக்கும் வழுவழுப்பை உரித்துவிடும். கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கும்போது மறு கையால் வயிற்றைத் தாங்குங்கள், கனமான மீனை உதட்டில் மட்டும் தொங்கவிட்டால் தாடை பழுதாகும். கோடை நீரில் பிராணவாயு குறைவு, படம் எடுப்பதைச் சுருக்கமாக முடியுங்கள்.

வைத்துக்கொள்வதாக இருந்தால் அளவு பாருங்கள். டெக்சாஸில் பொதுவாக லார்ஜ்மவுத் பாஸ் 14 அங்குலமாவது இருக்க வேண்டும், ஒரு நாளைக்கு எல்லா வகைப் பாஸும் சேர்த்து ஐந்து. ஏரிக்கு ஏரி விதி மாறும். டல்லாஸுக்குக் கிழக்கே உள்ள ஃபோர்க் ஏரியில் 16 முதல் 24 அங்குலம் வரை உள்ளவற்றை உடனே விட்டாக வேண்டும், 24-க்கு மேல் நாளுக்கு ஒன்றுதான். மாநிலச் சாதனையான 18.18 பவுண்ட் மீன் 1992-இல் கிடைத்தது அங்கேதான். 8 பவுண்டுக்கு மேல் பிடித்தால் மாநில வனவிலங்குத் துறையின் ஷேர்லங்கர் திட்டத்தில் பதிவு செய்யலாம். எடை தெரியும் தராசும் அளவுப் பலகையும் படத்தில் வரும்படி எடுத்துக்கொண்டு மீனை விட்டுவிடுங்கள், பதிவுக்கு அதுவே போதும்.